காஜா பெராங் பூந்தோட்டத்தில் நான் மாட்டிய விளக்குகள்

மூன்றாம் வகுப்போடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்த இரண்டு கையால் என்னென்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் காஜா பெராங் வீட்டின் பின்னால் ஒரு குளியலறை கட்டினேன். இந்த மண்ணில் சுவர் நிற்காது என்று கொத்தனார் ஒருவர் கைவிட்டுப் போன இடம் அது. சுவர் இன்னும் நிற்கிறது. மழை பெய்தால் கணுக்கால் வரை சேறாகிற கொல்லையில் உடைந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து பாதை போட்டேன். ஏணி பிடிக்கிற கூலியாக வேலைக்குச் சேர்ந்து, இங்கிலீஷில் ஒரு வரி படிக்கத் தெரியாமல், பரீட்சையில் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயாலேயே பதில் சொல்லி வயர்மேன் ஆனேன். புக்கிட் பாருவில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் வெளிச்சம் என் கை வழியாகத்தான் போனது. இதற்கெல்லாம் மேலாக, பொழுது சாய்ந்தால் ஒருவரும் கால் வைக்காத ஒரு பூந்தோட்டத்தை, ஏழு மணிக்கு மேல் அக்கம்பக்கமே வந்து உட்காருகிற இடமாக மாற்றினேன். அந்தக் கடைசிக் காரியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்றவற்றை யாரும் மறுக்கவில்லை.

வீடு என் மனைவியின் வீடு. அவர்கள் மலாக்கா செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே வேர் பிடித்த குடும்பம். கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தமிழில் சாமி பெயரும், சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற சில சொற்களும்தான் அவர்களிடம் மிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டோடு போய்ச் சேர்ந்தேன். மாமனார் அப்போது உயிரோடு இல்லை. வீட்டை நடத்தியது மாமியார். என் மனைவி அவரை ‘மாக்’ என்று கூப்பிடுவாள், அம்மா என்று அர்த்தம். நானும் மாக் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ‘அந்த எஸ்டேட்காரன்’ என்பார். மலாயில் அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். கொஞ்சம் காரம் குறைந்துதான் இருக்கும்.

கொல்லை முழுக்க மாக் வளர்த்த செடிகள். மல்லிகை, செம்பருத்தி, குரோட்டன், ஒரு செண்பக மரம், சுவரோரமாகப் பாக்கு மரம் மாதிரி கொத்தாக நிற்கிற பனைச் செடிகள். அந்தக் கொல்லைக்கு ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைத்த பிறகு யாரும் உள்ளே போகக்கூடாது. பூப் பறிக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, இலையைத் தொடக்கூடாது. செடிகள் தூங்குகின்றன என்பார். என் தாயாரும் எஸ்டேட்டில் இதையேதான் சொல்லுவார். அதனால் நான் சிரிக்கவில்லை. ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். காலையில் ஆறரைக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வருவேன். நான் வரும்போது செடிகள் தூங்கப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தவிர அந்தத் தோட்டத்தில் என்ன நிறத்தில் என்ன பூத்தது என்றே எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் புழுக்கம். வெளியே கடல் காற்று வந்து செண்பக மரத்தை ஆட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்து நிற்பேன்.

விளக்குப் போடுகிறவனுக்கே இருட்டா என்று ஒரு நாள் ரோஷம் வந்தது. சீன முதலாளியிடம் கேட்டு, வேலையில் மிஞ்சிய வயரும் இரும்புப் பைப்பும் வாங்கி வந்தேன். மழையில் நனைகிற இடத்தில் வயரை வெறுமனே இழுக்கிற ஆள் நான் இல்லை. எல்லாவற்றையும் பைப்புக்குள் விட்டு மண்ணுக்கடியில் புதைத்தேன். கொல்லை நடுவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் பெரிய பல்ப் ஒன்றை மாட்டி, எல்லாரையும் கூப்பிட்டு சுவிட்சைப் போட்டேன்.

என் மனைவி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் என்னை ‘அபாங்’ என்பாள், மலாயில் அண்ணன், கணவனுக்கும் அதுதான். “அபாங், இது பூந்தோட்டமா, போலீஸ் ஸ்டேஷனா?”

“வெளிச்சமா இருக்கா இல்லையா?”

“இருக்கு. பூவைத்தான் காணோம்.”

உண்மைதான். கண் கூசியது. கம்பத்தடியில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம், அதற்கப்பால் முன்னைவிடக் கெட்டியான இருட்டு. பத்து நிமிஷத்தில் மலாக்காவில் உள்ள ஈசல் எல்லாம் வந்து சேர்ந்து எங்கள் தேநீரில் விழுந்தன. சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து மாக் வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கினார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

தோட்டத்து விளக்கு வீட்டு விளக்கு மாதிரி இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். விழுந்த ஸ்க்ரூ ஒன்றைத் தேடி டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தபோது, பனைச் செடியின் நிழல் குளியலறைச் சுவரில் யானை காது மாதிரி விரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் மேலேயிருந்து விழக்கூடாது, கீழேயிருந்து ஏற வேண்டும். பல்ப் கண்ணில் படக்கூடாது, அது தொடுகிற இலைதான் படவேண்டும். கம்பத்தைப் பிடுங்கிப் போட்டேன். பால் டின்களை ஒரு பக்கம் வெட்டி, சிறிய பல்புகளை உள்ளே ஒளித்து, செடிகளின் அடியில் வைத்தேன். செண்பகத்துக்கு ஒன்று, குரோட்டனுக்கு இரண்டு, பாதை நெடுக முழங்கால் உயரத்தில் நான்கு, பின் வேலியோரம் மாக்கின் தொட்டிகளுக்கு மேலே மூன்று. தொட்டிகள் அவருடைய பெருமை. அதனால் அங்கே கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். எல்லாரும் உட்காருகிற இடத்துக்கு எதிர் மூலையில் மட்டும் ஒரு பல்பைத் திறந்தபடி விட்டேன். பூச்சிகள் எல்லாம் அங்கே போய்விடும், நம் தேநீர் நமக்கு. சிவப்புக் கண்ணாடித்தாளும் சுற்றிப் பார்த்தேன். குரோட்டன் எல்லாம் கசாப்புக் கடை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே கழற்றினேன்.

இப்போது வந்தார்கள் பாருங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மனைவியோடு ஒரு தட்டில் வாழைப்பழப் பலகாரம் கொண்டு வந்தார். எதிர்வீட்டுத் தபால்காரர், தமிழர்தான், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் சாய்ந்தால் எழுந்திருக்கமாட்டார். “யோவ், எங்க வீட்டுக் கொல்லையிலயும் இதே செடிதான்யா இருக்கு. இங்க வந்தா வேற செடி மாதிரி தெரியுது” என்பார். அதுதான் வேலை. பகலில் பார்த்தால் குரோட்டன் குரோட்டன்தான். ராத்திரியில் அடியிலிருந்து வெளிச்சம் ஏறும்போது ஒவ்வொரு நரம்பும் தனியாகத் தெரியும்.

மாக் மட்டும் வரவில்லை. முதல் வாரம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் நாற்காலி வாசற்படிக்கு வெளியே வந்தது. மூன்றாவது வாரம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், செங்கல் பாதையில் நின்று தபால்காரரின் மனைவிக்கு ஒவ்வொரு தொட்டியையும் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ இதுகளைத் தூங்கவிடுவதில்லை.”

“பதினொரு மணிக்கு அணைச்சிடறேனே, மாக்.”

“பதினொரு மணி வரை உன்னை ஒருவன் முகத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?”

மலாயாவுக்கு விடுதலை கிடைக்கப்போகிற வருஷம் அது. என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் முடிவாகி, ஆனி மாதம் நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னிலையில் மாக் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: என் பெண் கழுத்தில் விழுகிற மாலையிலும் அவள் நடந்து வருகிற வாசலிலும் கடைப் பூ ஒன்றுகூட இருக்காது, எல்லாம் நான் வளர்த்த சாமந்தியாக இருக்கும். தாயில்லாத வீட்டுப் பெண்ணுக்குத்தான் கடைப் பூ என்பது அவருடைய எண்ணம். அதற்காகவே நாற்பது தொட்டிகளில் மஞ்சள் சாமந்தி நட்டிருந்தார். பின் வேலியோரம் நான் தாராளமாக விளக்குப் போட்டேனே, அந்தத் தொட்டிகள்தான்.

ஆனி பிறந்தது. சாமந்தி இடுப்பு உயரம் வளர்ந்தது. இலை கரும்பச்சையில் பளபளத்தது. மொட்டு மட்டும் இல்லை. மாக் சாம்பல் போட்டார், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார், கோயிலிலிருந்து திருநீறு கொண்டு வந்து தூவினார். செடி இன்னும் உயரமாக வளர்ந்தது, அவ்வளவுதான். மாக் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொன்ன வார்த்தை அது. மனைவி என்னிடம், “மாக் ராத்திரியெல்லாம் புரண்டுட்டே இருக்காங்க” என்றாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பல்ப் எரியவில்லை என்று பின் வேலிக்குப் போனேன். குளியலறைச் சுவரின் நிழல் தொட்டி வரிசையில் ஒரு கோணமாக விழும். அந்த நிழலுக்குள், முன் வரிசைச் செடிகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல், ஐந்து தொட்டிகள் நின்றன. குனிந்து பார்த்தால் ஐந்திலும் மொட்டு, சில மஞ்சளாகவே வெடித்திருந்தன. ஆறாவது தொட்டி பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலும் இருந்தது. நிழல் பக்கக் கிளையில் மொட்டு. வெளிச்சப் பக்கக் கிளையில் வெறும் இலை. கத்தியால் கோடு கிழித்த மாதிரி. தலையைத் தூக்கி, மேலே நான் மாட்டிய பல்புகளைப் பார்த்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்டேட்காரன் வந்து கல்யாணத்துப் பூவைக் கெடுத்தான் என்று அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறைக்குச் சொல்லுவார்களே என்கிற பயம். ஆனால் அந்தம்மா காலையில் எழுந்ததும் முன் வரிசைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“மாக், நீங்க சொன்னது சரி. செடி தூங்கலை. என் விளக்குதான் காரணம்.”

அவர் பாக்கை வெட்டி முடித்தார். “என்ன சொன்னாய்?”

“என் விளக்குதான் காரணம்.”

“இன்னொரு தரம் சொல். உள்ளே உன் பெண்டாட்டிக்குக் கேட்கவில்லை.”

சொன்னேன். உள்ளே மனைவியும் அவள் தங்கையும் சிரிப்பது கேட்டது. அவரைக் கூட்டிப்போய் ஆறாவது தொட்டியைக் காட்டினேன். ஒரு பக்கம் மொட்டு, ஒரு பக்கம் இலை. வெகுநேரம் இரண்டு கிளையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “நாற்பது வருஷமாக நான் சொல்லி வந்ததை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு கோபம் வந்தது. “சரி, இப்போது என் பெண்ணுக்குப் பூ எங்கே?”

அதற்குப் பதில் இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் கையில் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று சிங்கப்பூரிலிருந்து கடிதம். அடுத்து ஆடி, ஆடியில் அவர்களும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், நாங்களும் வைக்கமாட்டோம். ஆக, ஆவணி. வீட்டில் எல்லார் முகமும் வாடியிருந்தது. நானும் மாக்கும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இன்றைக்கு விளக்கை அணைத்தால் எப்போது பூக்கும்?” என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் காத்தில் என்கிற ஊர்ப் பக்கம் போனேன். அங்கே காய்கறியோடு பூவும் போடுகிற ஒரு சீனக் கிழவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தெருவிளக்கடியில் நட்ட சாமந்தி அவரையும் ஒரு முறை ஏமாற்றியிருக்கிறதாம். ராத்திரியெல்லாம் முழு இருட்டில் விட்டால் பூக்க எட்டு வாரம், கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் கணக்குத் தவறிவிடும் என்றார். கல்யாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வாரம் இருந்தது. ஊரில் மற்றவர் வீட்டுச் சாமந்தியெல்லாம் ஆனியிலேயே பூத்து ஆடியில் காய்ந்து கிடக்கும். எங்கள் வீட்டில் மட்டும் கல்யாணத்தன்று பூக்கும். என் விளக்கு பூவைக் கெடுக்கவில்லை, பூவை நிறுத்தி வைத்திருந்தது. அன்றைக்கு இதை மாக்கிடம் சொன்னபோது, “நீ நிறுத்தி வைத்தாயா? நீ தெரியாமல் செய்தாய்” என்றார். தெரியாமல் செய்தாலும் செய்தது நான்தானே.

அன்றிரவே ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது மறந்துபோய் சுவிட்சைத் தட்டிவிடக்கூடாது. தூங்கும்போதும் அது தலையணைக்கடியில் இருந்தது.

இப்போது என் கஷ்டத்தைக் கேளுங்கள். விடுதலைக் கொண்டாட்டத்துக்கு ஊரே விளக்கு மாட்டுகிறது. கடைத்தெரு முழுக்க வண்ண பல்ப். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏணி மேலேயே இருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வீட்டு வாசலுக்கும் நான்தான் தோரணம் மாதிரி விளக்குத் தொங்கவிட்டேன். அவர் வீட்டு வெளிச்சம் எங்கள் வேலிக்குள் விழாதபடி சாக்குத் துணி கட்டிவிட்டும் வந்தேன். தெருவில் இருட்டாகக் கிடந்த ஒரே கொல்லை வயர்மேன் வீட்டுக் கொல்லைதான்.

என்னோடு ஏணி பிடிக்கிற கூட்டாளி சும்மா விடுவானா. “என்னாண்ணே, ஊரு பூரா லைட்டு மாட்றீங்க. ஒங்க வூட்டுக்கு மட்டும் கரண்ட்ட வெட்டிட்டானா?”

“பூ தூங்குதுடா.”

“ஓ. அப்ப தாலாட்டு பாடிட்டுத்தான் வேலைக்கு வர்றீங்களா? அதான் தொண்ட கட்டியிருக்கு.”

தபால்காரர் இருட்டில் வந்து பெஞ்சைத் தடவித் தேடி உட்காருவார். “யோவ், கொசு எது நீ எதுன்னு தெரியலய்யா. ஒரே ஒரு பல்பு போடேன், நான் கையால மறைச்சுக்கறேன்.” நான் அசையவில்லை. பைக்குள் ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஆறாவது வாரம் மொட்டு வந்தது. முன்பே பூத்ததால் மாக் கிள்ளிவிட்ட தொட்டிகளையும் சேர்த்து, நாற்பதிலும் வந்தது. மாக் எண்ணிவிட்டு வந்து சொன்னார். நானும் போய் எண்ணினேன்.

விடுதலை அறிவிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம், ஏழு மணி இருக்கும். தெருவெல்லாம் ஜனங்கள். ரேடியோ எல்லா வீட்டிலும் ஒரே சமயம் பாடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் எங்கள் கொல்லைக்கு வந்தவர்கள் இருட்டில் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். மாக் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

“அதைக் கொடு.”

“கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, மாக். கணக்கு கெட்டுடும்.”

கையில் இருந்த மண்ணெண்ணெய் விளக்கைத் தொட்டியருகே தாழ்த்திக் காட்டினார். மொட்டுகள் வாய் பிளந்திருந்தன. உள்ளே மஞ்சள். “தூங்கி எழுந்துவிட்டன. இனி விழித்திருந்தால் ஒன்றுமில்லை. நீ விளக்கைப் படித்தவன். நான் செடியைப் படித்தவள். கொடு.”

ஃப்யூஸை நானே மாட்டினேன். மின்சாரத்தில் வேறு ஒருவரைக் கை வைக்கவிடமாட்டேன். சுவிட்சை மட்டும் அவர் போட்டார். செண்பகம், குரோட்டன், பாதை, சுவரில் யானை காது, கடைசியில் பின் வேலியோரம் நாற்பது தொட்டியும் ஒன்றாக எழுந்து நின்றன. தபால்காரர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாரும் மாக்கைப் பார்த்துக் கைதட்டினார்கள். சுவிட்சுப் பக்கத்தில் நின்றவர் அவர்தானே.

அடுத்த வாரம் அந்தக் கொல்லையிலேயே, பொழுது சாய்ந்த நேரத்தில், பெண்ணழைப்பு நடந்தது. மஞ்சள் சாமந்தி முழுசாக விரிந்து, பாதை விளக்கில் பெண் நடந்து வந்தபோது, சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை, இந்த மாதத்தில் இத்தனை சாமந்தி எப்படி என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். மாக் நிமிர்ந்து, “பூ என்னுடையது. விளக்கு என் மருமகனுடையது” என்றார். என்னை அவர் மருமகன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சரியாக அதே நேரத்தில் மேளக்காரர் அடித்தார். அத்தைக்கு முதல் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் கேட்டது.

மாக் போய்ப் பல வருஷமாகிறது. குடும்பத்தில் இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் இந்தக் கதை வரும். அவர் கைராசியால் சாமந்தி இரண்டு மாதம் காத்திருந்து விடுதலையோடு பூத்தது என்பார்கள். என் மைத்துனியும் அவள் கணவரும் போன மாதம் அந்தக் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அடியில் இங்கிலீஷில் ஒரு அட்டை: ‘அம்மா வளர்த்த பூக்களுக்கு நடுவே.’ படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன்.

எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. பூ மாக்குடையது, அவர் இல்லாவிட்டால் எனக்கு அணைக்கவே தெரிந்திருக்காது. ஆனால் சாயங்காலம் எடுத்த படம் அது. அதில் முகம் தெரிகிற அத்தனை பேரும் என் வெளிச்சத்தில்தான் தெரிகிறார்கள். அட்டையில் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன், இரண்டு விரல் அகலம். மைத்துனியிடம் கேட்கிறேன், இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுத்தில் கேட்கிறேன். அந்த இரண்டு விரல் அகலத்தில் இதையும் எழுதி மாட்டுங்கள்: விளக்கைப் போட்டதும் அணைத்துக் காத்ததும் வீட்டு மூத்த மருமகன்.